வராதவர்களுக்கு ஓர் இலை

சின்னப்பா மாஸ்டருக்குத் தமிழில் மொத்தம் பதினோரு வார்த்தைகள் தெரியும் என்று கருணாகரன் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தான். அதில் ஐந்து சாமி பெயர், மூன்று பலகாரம். மீதி மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் ஒரு மனிதருக்காக, நகர சபைக் கூலிகள் குடியிருந்த முனிசிபல் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்கும்படி அவன் தலையில் எழுதியிருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டாவது வருடம். மலாக்காவில் சனங்களே ஓட்டுப் போட்டுச் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள் என்பதை ஊர் இன்னும் முழுசாக நம்பவில்லை. காஜா பெராங் தொகுதியில் பெரிய கட்சி ஒரு வக்கீலை நிறுத்தியிருந்தது. அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவர் சின்னப்பா மாஸ்டர். சின்னம் சைக்கிள். முப்பத்தொரு வருடம் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு ஆறு வருடம் நகர சபையில் உறுப்பினராக இருந்து, அத்தனை காலமும் ஒரே சைக்கிளில் போய் வந்த மனிதருக்கு வேறு சின்னம் கொடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

மாஸ்டர் கம்போங் செட்டி என்ற செட்டிகள் குடியிருப்பைச் சேர்ந்தவர். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் மலாய். அவர் மனைவி தனலட்சுமி அம்மாள் மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, கொண்டையில் ஊசி செருகி, மாரியம்மன் கோயிலில் மாவிளக்குப் போடுவார். லயத்துச் சனங்களுக்கு இந்தச் செட்டிகளை எதில் சேர்ப்பதென்றே தெரியாது. நம்மவர்கள் என்று கிட்டே போனால் பேச்சு புரியாது. வேற்று ஆள் என்று விலகினால் திருநீறு தடுக்கும்.

கருணாகரன் சாலைக் கூலிகளுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. காஜா பெராங் சாலையின் மறுகோடியில் இருந்த லயத்தில் நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு இருந்தது. அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரையும் குடிமக்களாகப் பதிய வைத்தவரே மாஸ்டர்தான். சுதந்திரம் வந்த கையோடு மூக்குக்கண்ணாடியும் பேனாவுமாக லயத்துக்கு வந்து, மூன்று மாதம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் குடியுரிமைப் பாரம் எழுதிக் கொடுத்தார். நாற்பது குடும்பத்துக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் நகர சபையோடு மல்லுக்கட்டி இரண்டாவது குழாயைக் கொண்டுவந்தவரும் அவர்தான். இப்போது அவர் கேட்பது நிலம். செமாபோக் பக்கம் லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஆளுக்கொரு துண்டு. நிலம் நகர சபையின் கையில் இல்லை, மாநிலத்தின் கையில் இருந்தது. அதனால்தான் அந்த வயதில் அவர் சட்டமன்றத்துக்கு ஆசைப்பட்டார்.

இதையெல்லாம் கருணாகரன் தொண்டை கட்டும் வரை சொல்லித்தான் பார்த்தான். ஆனால் பெரிய கட்சிக்கு வேலை செய்த காண்டிராக்டர் ராஜரத்தினம் கெட்டிக்காரன். அவன் நிலத்தைப் பற்றியோ குழாயைப் பற்றியோ பேசவே இல்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்தச் செட்டிக்காரர் இத்தனை தடவை லயத்துக்கு வந்தாரே, உங்களில் யாரையாவது ஒரு தடவை அவர் வீட்டுக்குள் விட்டிருக்கிறாரா?

விட்டதில்லை. அதுதான் வம்பு. கருணாகரனே அந்த வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறானே தவிர உள்ளே போனதில்லை. யாரும் அவனைத் தடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வி கேள்விதான். அது லயத்துக்குள் நுழைந்து குழாயடியில் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக் கதவைத் திறக்காதவர் நமக்காகச் சட்டமன்றத்தில் வாயைத் திறப்பாரா என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

கருணாகரன் ஒரு முடிவுக்கு வந்தான். ஓட்டெடுப்புக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லயத்துத் திடலில் ஒரு கூட்டம். மாஸ்டர் அதில் தமிழில் பேசுவார். நாலே நாலு வரி. அதை அவனே சொல்ல, மாஸ்டர் ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் அந்த அட்டையைச் சைக்கிள் கைப்பிடியில் செருகிவைத்துப் போகும்போதும் வரும்போதும் பாடம் செய்தார். எதிரே வந்த சீனத்துக் கிழவர் ஒருவர் தம்மைத் திட்டுகிறார் என்று நினைத்து நின்று முறைத்தாராம். லயத்து ஓட்டு ஒன்றுகூடச் சிந்தாது என்று கருணாகரன் மாஸ்டரிடம் வாக்குக் கொடுத்தான். மண்டோர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று பேர் எடுத்தவன் அவன்.

தப்பு நடந்தது தேதியில். சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு வீட்டில் பார்ச்சு என்று மாஸ்டர் சொல்லத்தான் செய்தார். பார்ச்சு என்றால் முன்னோருக்குப் படையல். செட்டிகள் அதை வருடத்தில் இரண்டு முறை செய்வார்கள்: போகியன்று ஒன்று, துரியானும் மங்குஸ்தானும் கொட்டுகிற பழக் காலத்தில் ஒன்று. கருணாகரனுக்குப் படையல் தெரியாதா? அவன் வீட்டில் இலை போட்டு, சூடம் காட்டி, காக்காய்க்கு ஒரு பிடி வைத்துவிட்டுத் தானும் சாப்பிட்டு எழுந்திருக்க அரை மணி நேரம் ஆகும். மத்தியானமே முடிந்துவிடும் சமாசாரம் என்று கையை வீசிச் சொல்லிவிட்டு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டான். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நோட்டீசில் தம் பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். படையல் விளக்கைச் சீக்கிரமே ஏற்றிவிடலாம் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. ஆண்கள் புல்லில், பெண்கள் குழாயடி மேட்டில். கருணாகரனின் அண்ணி அஞ்சலை வழக்கம்போல முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அவள் புருஷன், கருணாகரனின் அண்ணன் கலியாணசுந்தரம், ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன். வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். கருணாகரனுக்கு அன்று குளிர்காய்ச்சல், பாயைவிட்டு எழ முடியவில்லை. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான். பதினாறு வருடமாகத் திரும்பவில்லை. செத்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் அஞ்சலை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, யாரும் அவளிடம் அந்தப் பேச்சை எடுத்ததுமில்லை.

ஐந்தே காலாயிற்று. ஐந்தரை ஆயிற்று. மாஸ்டர் வரவில்லை. ராஜரத்தினம் திடலுக்கு எதிரே சாலையோரம் காரில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கருணாகரன் சைக்கிளை எடுத்தான்.

பத்து நிமிட மிதி. கம்போங் செட்டியில் மாஸ்டர் வீட்டுக்கு முன்னால் போய் இறங்கினான். கதவு சாத்தியிருந்தது. சன்னல்கள் அத்தனையும் சாத்தியிருந்தன. பட்டப்பகலில் ஆள் இருக்கிற வீடு அப்படி இறுக்கி மூடியிருப்பதை அவன் பார்த்ததில்லை. கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை கசிந்தது. ராஜரத்தினம் கேட்ட கேள்வி அவன் முகத்துக்கு நேரே நின்றது.

தட்டக் கை ஓங்கியவன், உள்ளே மாஸ்டரின் குரல் கேட்டு நிறுத்தினான். பூசை நடக்கும்போது தட்டக் கூடாது என்ற அளவு அவனுக்கும் பயபக்தி உண்டு. பக்கத்துச் சந்தில் போய்ச் சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தான்.

சாமி மாடத்துக்கு முன்னால் ஏழு வாழை இலைகள் விரித்திருந்தன. தேங்காய்ப் பால் சோறு, கறி வகைகள், குவியலாகப் பழங்கள். அதெல்லாம் மாஸ்டரின் முன்னோருக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனால் மாஸ்டர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசல் கதவை ஒட்டி இன்னோர் இலைக்கு முன்னால் நின்றிருந்தார். அந்த இலையில் வெறும் புழுங்கல் சோறு. இரண்டு துண்டு கருவாடு. ஒரு குவளை கறுப்புக் கோப்பி, நாலைந்து சுருட்டு. கூலிக்காரன் சாப்பாடு. மாஸ்டர் கையில் ஒரு பழைய பள்ளிக்கூட வருகைப் பதிவேடு இருந்தது.

அவர் மந்திரம் சொல்லவில்லை. பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர். பிறகு தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்து, ஒரு பையன் எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பதில் வராமல் பேனாவால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயர். முப்பத்தொரு வருடம் வகுப்பில் எப்படி நின்றாரோ அப்படியே நின்றார்.

வீராசாமி. சிறிது நேரம். பூங்காவனம். சிறிது நேரம். கருணாகரனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கேட்ட பெயர்களாக இருந்தன. பூங்காவனம் என்று லயத்தில் ஒருவர் இருந்தார், அவரும் சயாமுக்குப் போனவர். அவன் அதை யோசித்து முடிப்பதற்குள் மாஸ்டர் அடுத்த பெயரை வாசித்தார்.

"கலியாணசுந்தரம்."

பதினோரு வார்த்தைக்காரர் அந்தப் பெயரில் ஓர் எழுத்தைக்கூடச் சிதைக்கவில்லை. பெற்றவள் கூப்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கூப்பிட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக் காத்திருந்தார். சொந்தத் தம்பி பதினாறு வருடத்தில் ஒரு பிடி சோறு எடுத்து வைக்காத அண்ணனுக்கு, தமிழ் தெரியாத ஒரு செட்டிக்காரர் வீட்டில் இலை போட்டிருந்தது. அண்ணன் வந்து உட்கார அவர் காத்துக்கொண்டும் இருந்தார். கருணாகரன் ஏதாவது சொல்லியிருக்கலாம். மாஸ்டர் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நாற்பத்தொரு பெயர் முடிந்து, சாம்பிராணி அணைந்து, கதவு திறக்க ஆறு மணிக்கு மேலாயிற்று. முன்னோர் சாப்பிட்டு முடிக்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது, ஒருவரும் வெளியே போகக் கூடாது, அது வழக்கம் என்று தனலட்சுமி அம்மாள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். இந்த வருடம் பழச் சாமான் வந்து சேரப் பிந்திவிட்டது, இலை போடவே மூன்று மணி ஆகிவிட்டது என்றார். கருணாகரன் வாசலுக்குள் காலெடுத்து வைத்து, அந்த ஒற்றை இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் யாரும் சொல்லவில்லை.

மாஸ்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் சொன்னார். சயாமுக்குக் கொண்டுபோக அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் ஆட்களைக் கூட்டினார்கள். ஜப்பான் அதிகாரி இவரைக் கூப்பிட்டுப் பெயர் எழுதச் சொன்னான். காகிதம் இல்லாத காலம். அலமாரியில் மிஞ்சியிருந்த வருகைப் பதிவேட்டில் எழுதினார். ஐம்பத்தெட்டுப் பெயர். தெரியாத மொழிப் பெயர் என்பதால் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவீர்கள் என்று சொல் என்று அதிகாரி சொன்னான். இவர் அதையும் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். வாத்தியார் சொன்னதால் அவர்கள் நம்பினார்கள். ஒருவன் இவரைக் கும்பிட்டுவிட்டே லாரியில் ஏறினான். இவர் நகலை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு மூலத்தை வைத்துக்கொண்டார்.

பதினேழு பேர் திரும்பி வந்தார்கள். அவர்களைத் தம் கண்ணால் பார்த்த அன்று அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். மற்ற நாற்பத்தொருவருக்கும் வருடத்தில் இரண்டு முறை வட்டம் போட்டு வந்தார். பக்கம் தீர்ந்து தாள் ஒட்டி நீட்டியிருந்தார். அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டுக் கருணாகரன் மெதுவாகக் கேட்டான், இவர்களெல்லாம் செத்துப்போனவர்கள் என்றா இதற்கு அர்த்தம் என்று. மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பள்ளிக்கூடப் பதிவேட்டில் செத்தவனுக்கு என்று குறி கிடையாது. வந்தான், வரவில்லை, இரண்டுதான். இவர்கள் வராதவர்கள். என் முன்னோர்களோடு உட்கார வைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் வாசலில் இலை."

கருணாகரனுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவன் மண்டோர், அதிலும் தேர்தல் வேலை பார்க்கிறவன். அடுத்த நிமிடமே மூளை வேலை செய்தது. இந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இப்போதே திடலுக்குப் போனால் போதும். நாற்பத்தொரு பெயரையும் மாஸ்டர் வாசித்தால் லயம் முழுக்க அவர் காலில் விழும். ராஜரத்தினம் காரைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். அவன் பரபரவென்று அதைச் சொன்னான். மாஸ்டர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்று ஒருவன் சொன்னதற்காக இந்தப் பெயர்களை எழுதி லாரியில் ஏற்றினேன். இன்று இதே பெயர்களை வாசித்து என் லாரியை நிரப்பிக்கொள்ளவா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பையனுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நீயும் சொல்லக் கூடாது, ஓட்டு முடியும் வரை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். இலையை எடுத்து, வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு வருகிறேன், நீ போய்க் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள் என்றார்.

திரும்பி மிதிக்கும்போது கருணாகரன் மனசுக்குள் பெரிய சண்டை. ஒரு பக்கம் அவன் கொடுத்த வாக்கு, நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, செமாபோக் நிலம். இன்னொரு பக்கம் வாசலில் போட்ட அந்த இலை. சொல்லாதே என்று மாஸ்டர் சொன்னது சொன்னதாக இருக்கட்டும், ஊருக்கு நல்லது நடக்கிற விஷயத்தில் இதையெல்லாம் பார்த்தால் முடியுமா என்று தனக்குத் தானே நியாயம் பேசிக்கொண்டான். திடல் வருவதற்குள் பேச்சைக்கூட மனசில் எழுதி முடித்துவிட்டான்.

கூட்டம் பாதியாகியிருந்தது. இருந்தவர்களும் எழுந்து நின்று முறுமுறுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெஞ்சு மேல் ஏறி மைக்கைப் பிடித்தான். ராஜரத்தினம் சாலையோரத்திலிருந்தே சத்தமாகக் கேட்டான்.

"என்ன மண்டோர், கதவ சாத்திட்டாங்களா?"

எல்லாரும் கருணாகரனைப் பார்த்தார்கள். அவன் அஞ்சலையைப் பார்த்தான். அவள் நெற்றியில் குங்குமம் வியர்வையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மைக்கில் அண்ணன் பெயரைச் சொன்னால் இந்தக் கூட்டம் அத்தனையும் அடுத்த நொடி அந்த நெற்றியைத்தான் பார்க்கும். பதினாறு வருடமாக ஒருவரும் எடுக்காத பேச்சை, ஓட்டுக்காகத் தான் எடுத்ததாக ஆகும். மாஸ்டர் எதற்கு மறுத்தார் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"சாத்தித்தான் இருந்துச்சு," என்றான். "மாஸ்டர் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருந்தாங்க. அவங்கள பாதியில விட்டுட்டு வர முடியல."

பிறகு யாரோ சிரித்தார்கள். விருந்தாளியாம், நம்மைவிடப் பெரிய விருந்தாளியாம் என்று சொல்லிக்கொண்டே சனங்கள் கலைந்தார்கள். மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கியபோது திடலில் பதினாலு பேர் இருந்தார்கள். அவர் பெஞ்சில் ஏறி, அட்டையைப் பார்க்காமலே, நாலு வரித் தமிழையும் பிசகாமல் பேசினார்.

இருபத்தொன்பது ஓட்டில் தோற்றார். எண்ணி முடித்து அறிவித்தவுடன் வக்கீலிடம் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் லயத்துக்கு வந்தார். எதற்கென்று பார்த்தால், இரண்டாவது குழாயில் தண்ணீர் மெலிந்து வருகிறது என்று எவளோ ஒருத்தி தேர்தலுக்கு முன்னால் சொல்லியிருந்தாளாம். குந்தி உட்கார்ந்து குழாயைத் திறந்து மூடிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். கருணாகரன் தன் வாழ்க்கையில் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறான், துரைமார்களைப் பார்த்திருக்கிறான். அந்தக் குந்தின உருவத்துக்கு முன்னால் நின்றதுபோல யார் முன்னாலும் அவன் நின்றதில்லை. வாக்குத் தப்பியதற்கு மன்னிப்புக் கேட்டான். மாஸ்டர் அவன் தோளைத் தட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஓட்டு முடிந்த பிறகும் அவனால் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் அதைச் சுமந்தான். தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலை வேளையில், அஞ்சலை சோறு வடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பெயர் எழுதியது, லாரி, வட்டம், வாசலில் போட்ட இலை. செத்தவர் என்று அவர் எழுதவில்லை, வராதவர் என்றுதான் எழுதியிருக்கிறார் என்பதை மூன்று தடவை சொன்னான். அவள் கஞ்சி வடிகிற வரைக்கும் பானையிலிருந்து கையை எடுக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தான். மாஸ்டரைத் திட்டுவாள் என்றும் நினைத்தான்.

"எலையில என்ன வச்சிருந்தாரு?" என்று கேட்டாள்.

சோறு, கருவாடு, கோப்பி, சுருட்டு என்றான்.

"கருவாட்டு வாசனையே அவருக்கு ஆகாது," என்றாள் அஞ்சலை. "பதினாறு வருசமாவா அத வச்சாரு? அந்த மனுசனுக்கு யாருதான் சொல்லுவா?"

பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அன்று மாலை குழாயடியில் அவள் யாரிடம் என்ன சொன்னாள் என்பது கருணாகரனுக்குத் தெரியாது.

போகியன்று மத்தியானம் அஞ்சலை குளித்து, நல்ல சேலை உடுத்தி, புதுக் குங்குமம் வைத்து, மூடி போட்ட ஒரு தூக்கில் முருங்கைக்கீரைப் பொரியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கருணாகரன் கூடப் போனான். சாலை முனை திரும்பும்போது பின்னால் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். லயமே வந்துகொண்டிருந்தது. பூங்காவனத்தின் மகள் கையில் ஒரு சட்டி. வீராசாமியின் தம்பி இலையில் சுற்றிய ஏதோ ஒன்று. ஐம்பது பேருக்குக் குறையாது. ஒவ்வொருவர் கையிலும், திரும்பி வராத ஒருவனுக்குப் பிடித்த சாப்பாடு இருந்தது.

தனலட்சுமி அம்மாள் அப்போதுதான் இலைகளைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்த வந்தார். வாசலில், முற்றத்தில், வேலிக்கு அப்பால் சாலை வரைக்கும் ஆட்கள். கதவைச் சாத்த இடமில்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டு திரும்பிப் புருஷனைப் பார்த்தார். மாஸ்டர் பதிவேட்டோடு வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. தம்மிடம் கணக்குக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றே அவர் நினைத்தார்.

அஞ்சலை யாரிடமும் கேட்காமல் படியேறி உள்ளே போனாள். வாசல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கருவாட்டை ஓர் ஓரமாக ஒதுக்கி, அந்த இடத்தில் கீரையை வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். வாசிக்கலாம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

கதவு திறந்தே இருக்கட்டும் என்று மாஸ்டர் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதிவேட்டைப் பிரித்தார். முதல் பெயரை வாசித்தார். காத்திருந்தார். பதில் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பழகிய கை வட்டம் போட்டது. நாலாவதாக அவர் அதே சுத்தமான குரலில் கூப்பிட்டார்.

"கலியாணசுந்தரம்."

தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். அஞ்சலை எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்து வாசப்படியை மிதிக்காதவள் அவள். வகுப்பில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"வந்திருக்காரு, மாஸ்டர்."

மாஸ்டருக்கு அந்த வார்த்தை தெரியாது. அவருடைய பதினொன்றில் அது இல்லை. ஆனாலும் பேனா பெயருக்கு நேரே போய் நின்றது. அது வட்டம் போடவில்லை. நிறுத்தி, நிதானமாக, ஒரு நேர்க்கோடு போட்டது. கண்ணாடிக்குக் கீழே வழிந்ததைத் துடைத்துக்கொள்ள அவருக்கு ஒரு கை மிச்சமில்லை.

பிறகு அவர் வட்டம் போட்டுவிட்ட முதல் மூன்று பெயருக்குத் திரும்பிப் போய், மறுபடியும் ஆரம்பத்திலிருந்து வாசித்தார்.